மண்டபம் நிறைவதும் தொலைபேசி ஒலிப்பதும்

2025 செப்டம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் சிலர் டெல்லிக்கு வந்தபோது, வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அவர்களைச் சந்தித்தது. சந்திப்பு முடிந்ததும் குழுவின் தலைவர் சசி தரூர் செய்தியாளர்களிடம் ஒரு வேதனையைப் பகிர்ந்துகொண்டார். வரி உயர்வைப் பற்றியும் விசாக் கட்டணத்தைப் பற்றியும் அமெரிக்காவில் வாழும் இந்தியர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்பது அவருடைய கேள்வி. வந்திருந்த பெண் உறுப்பினர் ஒருவர், இந்தக் கொள்கையை மாற்றுங்கள் என்று கேட்டு ஓர் இந்திய அமெரிக்க வாக்காளரிடமிருந்துகூடத் தம் அலுவலகத்துக்குத் தொலைபேசி அழைப்பு வரவில்லை என்று சொன்னாராம். இந்தியப் பொருட்களின் மீது அமெரிக்கா விதித்த வரி 50 சதவீதத்தை எட்டியது அதற்கு முந்தைய மாதம்தான். திறன்மிகு வேலைக்கு வருபவர்களுக்கான எச்-1பி விசாவுக்குப் புதிதாக விண்ணப்பித்தால் ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்ற அறிவிப்பு வந்து சில நாட்களே ஆகியிருந்தன.

அந்தச் செய்தியைப் படித்ததும் நான் நம்பினேன். டெக்சாஸ் மாநிலத்தில் பிளேனோ என்ற ஊரில் வாழ்கிறேன். டாலஸ் நகரைச் சுற்றிப் பொங்கல் விழாவும் தமிழ்ப் பள்ளியும் கோயில் திருவிழாவும் கூட்டத்தால் நிரம்பும் பகுதி இது. அந்த வாரங்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் கோபம் கொதித்துக்கொண்டிருந்தது. செய்தித் துணுக்குகள், காணொளிகள், பொருளாதார விளக்கங்கள் நாள் முழுவதும் வந்து விழுந்தன. தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன் என்று எழுதியவர் மிகச் சிலர். ஏறத்தாழ ஐம்பது லட்சம் பேர் கொண்ட ஒரு சமூகம், அமெரிக்காவின் எந்த இனக்குழுவையும்விடக் கூடுதலான குடும்ப வருமானம் உள்ள சமூகம், தனக்கு மிக நெருக்கமான விஷயத்தில் இப்படி அமைதியாக இருந்தது. இதே சமூகம் இரண்டு நாடுகளின் உறவையே திருப்பிப் போட்ட வரலாறும் உண்டு. அதனால்தான் இந்த அமைதி எனக்கு இவ்வளவு வலிக்கிறது.

அந்த வரலாறு ஒரு துணி வியாபாரியிடமிருந்து தொடங்குகிறது. ஜே. ஜே. சிங் என்று அழைக்கப்பட்ட ஜக்ஜித் சிங் 1926-இல் அமெரிக்கா வந்தவர். நியூயார்க்கில் இந்தியத் துணிகளை இறக்குமதி செய்து விற்றார். அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியர்களின் குடியேற்றத்துக்குக் கதவைச் சாத்திவிட்டது. 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' அல்லர், எனவே குடியுரிமை பெற முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திந்த் முதலாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். தீர்ப்புக்குப் பின், ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. கலிஃபோர்னியாவின் நிலச் சட்டத்தால் அங்கிருந்த பஞ்சாபி விவசாயிகள் தாங்கள் உழுத மண்ணைத் தங்கள் பெயரில் வாங்க முடியவில்லை. நாடு முழுவதும் இந்தியர்கள் சில ஆயிரம் பேரே. ஓட்டு கிடையாது. தாய்நாடோ இன்னொருவரின் காலனி, எனவே முதுகுக்குப் பின்னால் ஓர் அரசும் கிடையாது.

இந்த நிலையில் ஜே. ஜே. சிங் 'இந்தியா லீக் ஆஃப் அமெரிக்கா' என்ற சிறிய அமைப்பின் தலைமையை ஏற்று, அதை வாஷிங்டனில் கதவு தட்டும் அமைப்பாக மாற்றினார். ஓட்டு இல்லாதவர் ஓட்டு உள்ளவர்களைத் தேடிப் போனார். எழுத்தாளர்கள், பேராசிரியர்கள், தேவாலயத் தலைவர்கள், வணிகர்கள் என்று அமெரிக்கர்களையே தம் அமைப்புக்குள் கொண்டுவந்தார். நியூயார்க்கின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் இமானுவேல் செல்லரையும் கனெக்டிகட்டின் குடியரசுக் கட்சி உறுப்பினர் கிளேர் பூத் லூசையும் ஒரே மசோதாவுக்குப் பின்னால் நிற்க வைத்தது அந்த முயற்சி. கேட்டது மிகச் சிறியது. ஆண்டுக்கு 100 பேர் குடியேறலாம், இங்கிருப்பவர்கள் குடியுரிமை கேட்கலாம், அவ்வளவுதான். முபாரக் அலி கான் என்பவர் இன்னோர் அமைப்பு நடத்தி, ஏற்கெனவே இங்கிருந்த விவசாயிகளுக்காக வாதாடினார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் 1946 ஜூலை 2 அன்று லூஸ்-செல்லர் சட்டத்தில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார்.

இதில் நான் திரும்பத் திரும்ப வியக்கும் ஒன்று, அவர்கள் முன்வைத்த வாதம். எங்களுக்கு அநீதி நடக்கிறது என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. போர் நடக்கிறது, ஆசிய மக்களை அமெரிக்கா இழிவாக நடத்துகிறது என்று ஜப்பான் பிரசாரம் செய்கிறது, சீனர்களுக்கு எதிரான தடையை 1943-இல் நீக்கிவிட்டீர்கள், போர் முடிந்ததும் இந்தியா பெரிய சந்தையாக வரப்போகிறது, அந்த மக்களைக் குடிமக்களாகும் தகுதியற்றவர்கள் என்று சட்டத்தில் எழுதி வைத்துக்கொண்டு அவர்களோடு எப்படி வணிகம் செய்வீர்கள்? கேட்பவரின் நலனிலிருந்து தொடங்கும் வாதம் அது. 1951-இல் இந்தியாவில் உணவுப் பஞ்சம் நெருங்கியபோதும் ஜே. ஜே. சிங் வாஷிங்டன் அலுவலகங்களில் ஏறி இறங்கினார். நேருவின் அணிசேராக் கொள்கையால் எரிச்சலடைந்திருந்த உறுப்பினர்கள் மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள். கடைசியில் அந்த ஜூன் மாதம் 19 கோடி டாலர் கோதுமைக் கடனுக்கான சட்டம் நிறைவேறியது. அந்தக் கடனுக்கு இந்தியா செலுத்திய வட்டியில் ஒரு பகுதி, இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு அமெரிக்கப் புத்தகங்களும் ஆய்வுக் கருவிகளும் வாங்கித் தரச் செலவிடப்பட்டது.

1946 சட்டத்தால் 1949-இல் குடியுரிமை பெற்றவர்களில் ஒருவர் தலிப் சிங் சௌந்த். பெர்க்லியில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றும் அதற்கேற்ற வேலை கிடைக்காமல் கலிஃபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்தவர். 1956-இல், புகழ்பெற்ற விமானி ஜாக்குலின் காக்ரனைத் தேர்தலில் தோற்கடித்து, பிரதிநிதிகள் சபைக்குச் சென்ற முதல் ஆசிய வம்சாவளியினர் ஆனார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் இந்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்திருப்பார்கள். பள்ளத்தாக்கின் விவசாயிகள் அவரைத் தங்களில் ஒருவராகத்தான் பார்த்தார்கள்.

1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பின் மருத்துவர்களும் பொறியாளர்களும் வந்தார்கள். குஜராத்திகள் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்களை வாங்கினார்கள். இந்திய வம்சாவளி மருத்துவர்களின் சங்கம் 1982-இல் தோன்றியது, மோட்டல் உரிமையாளர்களின் சங்கம் 1989-இல். இரண்டும் முதலில் தங்கள் சொந்தத் தொழில் நலனுக்காக ஏற்பட்டவைதான். ஆனால் சிற்றூர்களில்கூட அவற்றுக்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். ஒரு தொகுதியில் ஒரே ஓர் இந்தியக் குடும்பம் இருந்தாலும் அது அந்த ஊர் மருத்துவரின் குடும்பமாகவோ விடுதி நடத்துபவரின் குடும்பமாகவோ இருக்கும். தொகுதி உறுப்பினருக்கு அறிமுகமாகியும் இருக்கும். 1993-இல் பிரதிநிதிகள் சபையில் இந்தியாவுக்கான உறுப்பினர் குழு ஒன்று உருவானது. நியூ ஜெர்சியின் ஃபிராங்க் பலோனும் ஃபுளோரிடாவின் பில் மெக்கலமும் அதைத் தொடங்கினார்கள். 2004-இல் செனட்டிலும் அப்படி ஒரு குழு. எங்கள் டெக்சாஸின் ஜான் கார்னினும் ஹிலாரி கிளின்டனும் அதன் முதல் தலைவர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் புலம்பெயர்ந்தோர் என்றாலே நம் அரசுகளின் நினைவுக்கு முதலில் வருவது அதுதான். 1998-இல் பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. பாரத ஸ்டேட் வங்கி வெளியிட்ட 'ரீசர்ஜென்ட் இந்தியா' பத்திரங்களில் வெளிநாட்டு இந்தியர்கள் 420 கோடி டாலர் போட்டார்கள். மதிக்க வேண்டிய செயல்தான், ஆனால் நல்ல வட்டியும் கிடைத்தது. இன்றும் இந்தியாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வரும் பணத்தில் அமெரிக்காவின் பங்கே அதிகம். 2023-24-இல் அது 27.7 சதவீதம் என்கிறது ரிசர்வ் வங்கியின் ஆய்வு. இந்தப் பணம் வீடு கட்டும், பிள்ளைகளைப் படிக்க வைக்கும், அன்னியச் செலாவணிக் கையிருப்பைத் தாங்கும். சட்டத்தில் ஒரு சொல்லைக்கூட அது மாற்றாது.

சட்டத்தை மாற்றிய வேலை எப்படி நடந்தது என்பதற்கு அணுசக்தி ஒப்பந்தத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2005 ஜூலை 18 அன்று மன்மோகன் சிங்கும் ஜார்ஜ் புஷ்ஷும் கூட்டறிக்கை வெளியிட்டார்கள். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத இந்தியாவுக்கு அணுசக்தி வணிகத்தில் இடம் தர வேண்டுமானால், அமெரிக்காவின் 1954-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தில் விலக்கு வேண்டும். அதிபர் விரும்பினால் போதாது, 535 உறுப்பினர்கள் கொண்ட இரு அவைகளும் சம்மதிக்க வேண்டும். அணு ஆயுதக் கட்டுப்பாட்டு நிபுணர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பல உறுப்பினர்களுக்கு இந்தியா வரைபடத்தில் உள்ள ஒரு நாடு, அதற்கு மேல் அக்கறை இல்லை.

அங்கேதான் நம்மவர்கள் வேலை செய்தார்கள். வட கரோலினாவில் தொழில் நடத்திய சுவதேஷ் சாட்டர்ஜி, வாஷிங்டனில் அரசியல் குழு நடத்திய சஞ்சய் புரி ஆகியோரின் அமைப்புகளும் மருத்துவர்கள், விடுதி உரிமையாளர்கள், சிலிக்கான் பள்ளத்தாக்குத் தொழில்முனைவோரும் உறுப்பினர் உறுப்பினராகப் போய்ப் பேசினார்கள். இந்திய அரசு கட்டணம் கொடுத்து அமர்த்திய லாபி நிறுவனங்கள் தனியாக இயங்கின. அமெரிக்கத் தொழில் நிறுவனங்கள் தங்கள் லாபக் கணக்கோடு வந்தன. ஆனால் சொந்தத் தொகுதியின் வாக்காளர் எதிரே உட்கார்ந்து, இது எனக்கு முக்கியம் என்று சொல்வதற்கு இவை எதுவும் ஈடாகாது. தெளிவான ஒரு மசோதா, தெளிவான ஒரு கோரிக்கை, ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியாக வேண்டிய ஒரு வாக்கெடுப்பு. 2006 ஜூலையில் பிரதிநிதிகள் சபை 359-68 என்ற கணக்கில் ஒப்புக்கொண்டது. நவம்பரில் செனட் 85-12. பிறகு இந்தியாவில் இடதுசாரிகள் ஆதரவை விலக்கி, மன்மோகன் சிங் அரசு 2008 ஜூலை 22 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் 275-256 என்று தப்பியது. செப்டம்பர் 6 அன்று வியன்னாவில் அணுசக்திப் பொருள் வழங்கும் 45 நாடுகளின் குழு இந்தியாவுக்கு விலக்களித்தது. இறுதி ஒப்புதலுக்காக மசோதா மறுபடி அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு வந்தபோது பிரதிநிதிகள் சபையில் 298-117, செனட்டில் 86-13. நிதி நெருக்கடியில் நாடே கலங்கியிருந்த வாரம் அது. அப்படியிருந்தும் மசோதா ஒதுக்கப்படாமல் வாக்கெடுப்புக்கு வந்தது.

ஒப்பந்தத்தின் பலனைப் பற்றி மிகையாகப் பேச நான் விரும்பவில்லை. அதற்குப் பின் அமெரிக்க அணு உலை ஒன்றுகூட இந்தியாவில் எழவில்லை. ஆந்திராவின் கொவ்வாடாவில் ஆறு உலைகள் என்ற திட்டம் ஆண்டுக்கணக்காகப் பேச்சிலேயே நின்றது. விபத்து நேர்ந்தால் உலையை விற்ற நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும் என்றிருந்த 2010-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் இதற்கு ஒரு காரணமாக இருந்தது. போபாலைக் கண்ட நாடு அப்படி ஒரு சட்டம் இயற்றியதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடங்குளத்து மீனவர்களின் அச்சத்தை அருகிலிருந்து கேட்டவர்கள் யாரும் அணு உலையைக் கொண்டாட்டப் பொருளாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் யுரேனியப் பற்றாக்குறையால் பாதித் திறனில் ஓடிக்கொண்டிருந்த இந்திய உலைகளுக்கு கஜகஸ்தானிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் பின்னர் கனடாவிலிருந்தும் எரிபொருள் வந்தது. அன்று இயங்கிய, கட்டப்பட்டுக்கொண்டிருந்த 22 உலைகளில் 14-ஐ இந்தியா சர்வதேசக் கண்காணிப்புக்குள் வைத்தது. கல்பாக்கத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. பாதுகாப்புத் தளவாட வணிகமும் திறந்தது. அமெரிக்காவிடம் வாங்கிய பி-8ஐ கண்காணிப்பு விமானங்கள் அரக்கோணத்தில் இந்தியக் கடற்படைத் தளத்தில் நிற்பது அந்தப் புதிய உறவின் தொடர்ச்சிதான்.

இதோடு ஒப்பிட்டால் 2019 எனக்கு இன்னும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. அந்த ஆண்டு ஜூன் 5 முதல், வளரும் நாடுகளுக்கான வரிச் சலுகைத் திட்டத்திலிருந்து இந்தியா நீக்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் மிக அதிகம் பயனடைந்த நாடு இந்தியாதான். ஆண்டுக்கு 500 கோடி டாலருக்கும் மேலான ஏற்றுமதி வரியின்றிச் சென்றுகொண்டிருந்தது. நீக்கத்துக்கு வழிவகுத்தவை இரண்டு புகார்கள். இதய ஸ்டென்ட் போன்றவற்றுக்கு இந்தியா விலை உச்சவரம்பு வைத்ததை எதிர்த்து மருத்துவக் கருவி உற்பத்தியாளர்கள் மனுக் கொடுத்தார்கள். இந்தியச் சந்தை தங்களுக்கு அடைபட்டிருக்கிறது என்று பால் உற்பத்தியாளர்களும் மனுக் கொடுத்தார்கள். முறைப்படி எழுதி, விசாரணையில் பேசி, தங்கள் தொகுதி உறுப்பினர்களைப் பிடித்து அவர்கள் காரியத்தை முடித்தார்கள். அதே செப்டம்பரில் ஹூஸ்டன் விளையாட்டரங்கில் சுமார் ஐம்பதாயிரம் இந்திய அமெரிக்கர்கள் கூடினார்கள். பிரதமரும் அதிபரும் கைகோத்து வலம் வந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பஸ் பஸ்ஸாகப் போனார்கள். சலுகை திரும்பவில்லை. 2020 இறுதியில் திட்டமே காலாவதியானது.

அந்தக் கூட்டத்துக்குப் போனவர்களை நான் பழிக்கவில்லை. வேற்று மண்ணில் நம் பிரதமரைக் காண்பது பலருக்கு உணர்ச்சிமிக்க தருணம். ஆனால் ஐம்பதாயிரம் பேரில் ஐந்நூறு பேர் அடுத்த வாரம் தங்கள் உறுப்பினரை அழைத்து அந்தச் சலுகையின் பெயரைச் சொல்லியிருந்தால், அலுவலகக் குறிப்பேடுகளில் அது ஐந்நூறு முறை பதிவாகியிருக்கும்.

தொகுதி அலுவலகம் என்பது பலர் நினைப்பதுபோல் அணுக முடியாத இடமன்று. வணிக வளாகத்தின் ஓரத்தில் நான்கு அறைகள், ஒரு கொடி, வரவேற்பில் கல்லூரி முடித்த இளைஞர் ஒருவர். நாங்கள் சிலர் போகும்போது பெரும்பாலும் உறுப்பினர் இருப்பதில்லை, உதவியாளர்தான் குறிப்பெடுப்பார். முதலில் முகவரியைக் கேட்பார். தொகுதிக்குள் இருந்தால் அவருடைய பேனா வேகமெடுக்கும். பிறகு கேட்பார்: எந்த மசோதா, நீங்கள் எங்களிடம் எதிர்பார்ப்பது என்ன? இந்திய அமெரிக்க உறவு வலுப்பட வேண்டும் என்று சொன்னால் தலையாட்டுவார், குறிப்பேட்டில் எதுவும் ஏறாது.

2025-இன் அமைதிக்குக் காரணம் அச்சம் என்று பலர் சொல்கிறார்கள். அதில் பெரும் உண்மை இருக்கிறது. எச்-1பி விசாவில் இருப்பவருக்கு ஓட்டில்லை, கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இல்லை. மாணவர்களின் விசாக்கள் ரத்தான ஆண்டு அது. சமூக ஊடகப் பதிவுகளை அதிகாரிகள் அலசுகிறார்கள் என்ற செய்திகளுக்கு நடுவில், வேலையும் வீட்டுக் கடனும் குழந்தைகளின் பள்ளியும் ஒரு முத்திரையில் தொங்கும் குடும்பத்தைப் பார்த்து வாயைத் திற என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. என் ஆற்றாமை என்னைப்போன்றவர்களைப் பற்றியது. குடியுரிமை பெற்று, தேர்தல்தோறும் ஓட்டுப் போட்டு, யாராலும் எளிதில் நாட்டைவிட்டு அனுப்பப்பட முடியாத நிலையில் இருக்கும் லட்சக்கணக்கானோர் ஏன் பேசவில்லை?

கட்சிப் பிளவு ஒரு காரணம். வரியைக் குறைகூறினால் அதிபரைக் குறைகூறியதாகும் என்று ஒரு சாரார் தயங்கினார்கள். மறுசாரார், இந்திய அரசின் மீது தங்களுக்கு இருக்கும் வருத்தங்களால், டெல்லிக்காக நான் ஏன் பேச வேண்டும் என்று விலகினார்கள். இன்று பிரதிநிதிகள் சபையில் இந்திய வம்சாவளியினர் ஆறு பேர் இருக்கிறார்கள். அவர்களில் பிரமிளா ஜெயபால் சென்னையில் பிறந்தவர். 2019-இல் காஷ்மீர் பற்றித் தீர்மானம் கொண்டுவந்ததும் அவரே; அவர் கலந்துகொள்ளும் சந்திப்பையே அமைச்சர் ஜெய்சங்கர் தவிர்த்துவிட்டார். எனக்கு அது தவறாகவே பட்டது. வம்சாவளி உறுப்பினர் இந்தியாவின் தூதர் அல்லர், அவருடைய வாக்காளர்களின் பிரதிநிதி. கூட்டங்களில் கைதட்டும்போது நம் பிள்ளைகள் என்றும் கேள்வி கேட்டால் துரோகிகள் என்றும் சொல்லும் போக்கு, பேச நினைப்பவர்களையும் வாயடைக்க வைக்கிறது. அமெரிக்கச் சட்டமும் இங்கே தெளிவான கோடு கிழிக்கிறது. வெளிநாட்டு அரசின் சொல்படி இயங்குபவர் 1938-ஆம் ஆண்டுச் சட்டப்படி முகவராகப் பதிவு செய்ய வேண்டும். குடிமகனாகத் தன் கருத்தைத் தன் உறுப்பினரிடம் சொல்பவருக்கு எந்தப் பதிவும் தேவையில்லை. டெல்லியின் ஒலிபெருக்கியாக இல்லாமல் இருப்பதில்தான் நம் சொல்லின் மதிப்பு இருக்கிறது.

என் அக்காவின் கணவர் திருப்பூரில் பவர்டேபிள் வைத்திருக்கிறார். பெரிய பனியன் கம்பெனிகளிடமிருந்து வெட்டிய துணியை வாங்கித் தைத்துக் கொடுக்கும் வேலை. 2025 ஆகஸ்ட் 27 அன்று வரி 50 சதவீதமான பின் அமெரிக்க ஆர்டர்கள் நின்றன. வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 சதவீதம்தான் வரி. தீபாவளிக்கு முன் தொலைபேசியில் பேசும்போது, "மாப்பிள்ளை, நீங்கள் அங்கே ஓட்டுப் போடுகிறீர்கள் அல்லவா? ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இதைக் கேட்கக்கூடாதா?" என்றார். "கேட்கிறேன், மாமா" என்றேன். அவரிடம் வேலை செய்யும் ஒடிசாப் பையன்கள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்காக எதை வைத்துப் பேசுவது என்று தேடியபோது கிடைத்த விடை எங்கள் மாநிலத்திலேயே இருந்தது. அமெரிக்காவில் அதிகம் பருத்தி விளைவது டெக்சாஸில். லபக் நகரைச் சுற்றிய மேட்டுச் சமவெளியில் கண்ணுக்கெட்டிய தூரம் பருத்திதான். சீனாவுடனான வரிச் சண்டையில் அந்த விவசாயிகள் தங்கள் பெரிய சந்தையை இழந்து நிற்கிறார்கள். கோவை, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் அமெரிக்கப் பருத்தி வாங்குகின்றன. இந்தியா பருத்தி இறக்குமதிக்கு விதித்திருந்த 11 சதவீத வரியை 2025 ஆகஸ்ட் 19 முதல் நிறுத்தி வைத்து, பின்னர் அதை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. இன்னொன்றும் உண்டு. அதிபரின் 2025 ஏப்ரல் 2 ஆணையின்படி, ஒரு பொருளின் மதிப்பில் குறைந்தது 20 சதவீதம் அமெரிக்காவில் உருவானதாக இருந்தால், அந்த அமெரிக்கப் பங்குக்கு அந்த ஆணை விதித்த வரி அப்போது இல்லை. லபக் பருத்தி தமிழ்நாட்டில் நூலாகி, திருப்பூரில் டி-ஷர்ட்டாகி, டாலஸ் கடைக்குத் திரும்புகிறது. இதற்கு வரி போட்டால் அடிபடுவது என் மாமா மட்டுமா?

நாங்கள் ஏழெட்டுப் பேர் இந்த வாதத்தோடு தொகுதி அலுவலகத்துக்கும் செனட்டரின் டாலஸ் அலுவலகத்துக்கும் போனோம். பருத்தி என்ற சொல் வந்ததும் உதவியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். லபக் பக்கத்துப் பருத்தி விவசாயிகளோடு பேசியிருக்கிறீர்களா என்று கேட்டார். பேசவில்லை. அந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். இப்போது எங்களோடு வருகிற இருவர் லபக்கில் உள்ள பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் தமிழர்கள். அங்குள்ள விவசாயிகள் சிலரை அவர்களுக்குத் தெரியும். வரி எண் நாளையே மாறலாம், மறுபடி ஏறவும் செய்யலாம். அந்த விவசாயிகளோடு ஏற்படும் பழக்கம் அடுத்த முறையும் கைகொடுக்கும் என்பதால் இதில் எனக்கு அவசரமில்லை.

இரண்டாவது கோரிக்கை பழையது, பலர் மறந்துவிட்டது. எச்-1பி ஊழியரின் சம்பளத்தில் சமூகப் பாதுகாப்பு வரி 6.2 சதவீதம் பிடிக்கிறார்கள். நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. ஓய்வூதியத் தகுதிக்குப் பத்தாண்டு உழைப்பு வேண்டும், அந்த விசாவின் வழக்கமான உச்சவரம்போ ஆறாண்டு. இடையில் ஊர் திரும்புகிறவர் செலுத்தியதை விட்டுவிட்டுத்தான் போகிறார். என்னோடு வேலை பார்த்து, பெற்றோரைக் கவனிக்கக் கோவைக்குத் திரும்பிய நண்பர்கள் பலருக்கு இதுதான் நடந்தது. இரண்டு நாடுகள் பேசி முடித்தால் தீரும் சிக்கல் இது. 1978 முதல் அமெரிக்கா ஏறத்தாழ முப்பது நாடுகளோடு இதற்கான ஒப்பந்தம் செய்திருக்கிறது. ஜப்பானும் தென் கொரியாவும் அதில் உண்டு. இந்தியா ஜெர்மனி, பிரான்ஸ், கனடா, ஜப்பான் என்று பல நாடுகளோடு செய்திருக்கிறது. இந்த இரண்டு நாடுகளுக்கு இடையே மட்டும் இருபதாண்டுகளாகப் பேச்சுதான்.

தடை அமெரிக்கச் சட்டத்தில் இருக்கிறது. ஒப்பந்தம் செய்யும் மற்ற நாட்டில் பொதுவாக அனைவருக்கும் பொருந்தும் ஓய்வூதியத் திட்டம் இருக்க வேண்டும் என்கிறது அது. நம்முடைய வருங்கால வைப்பு நிதி அமைப்புசார் தொழிலாளர்களில் ஒரு பகுதியினரை மட்டுமே எட்டுகிறது, வயல்காட்டிலும் கட்டட வேலையிலும் இருக்கும் பெரும்பான்மையினர் அதற்கு வெளியே. எனவே இந்தக் கோரிக்கையின் பாதிச் சாவி டெல்லியில் இருக்கிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி வழி வேலை செய்பவர்களையும் அமைப்புசாராத் தொழிலாளர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவருவதாகச் சொல்கிறது. அதன்கீழ் உருவாகும் திட்டங்கள் உண்மையில் எத்தனை பேருக்கு, எவ்வளவு ஓய்வூதியம் தரும் என்பது இனிமேல்தான் தெரியும். தொழிற்சங்கங்களுக்கு அந்தத் தொகுப்பின் மீது கடுமையான ஆட்சேபங்களும் உண்டு. ஆனால் வாஷிங்டனின் நிபந்தனையோடு அதை வரி வரியாக ஒப்பிட்டு ஒரு குறிப்பை யாராவது தயாரிக்க வேண்டும். திருச்சியில் தொழிலாளர் சட்டம் பயிற்றுவித்து ஓய்வுபெற்ற ஒருவரும் இங்குள்ள ஒரு கணக்காய்வாளரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கங்களுக்கு மேல் போகக் கூடாது என்று உதவியாளர் சொல்லியிருக்கிறார். ஜனவரியில் பிரதிநிதிகள் சபை மறுபடி கூடும்போது அந்தக் குறிப்பு அவர் மேசையில் இருக்கும். பிளேனோ, ஃபிரிஸ்கோ, இர்விங் பகுதியில் குடியுரிமையோடு இருப்பவர்கள் உடன் வருவதானால், தொகுதி முகவரி உள்ள ஓர் அடையாள அட்டையோடு வாருங்கள்.